பீரோவில் இருந்த பழைய கிரயப் பத்திரம் நமத்துப் போய்விட்டது, லேமினேட் செய்யலாமா?

அப்பா 1986-ல் வாங்கிய மனையின் கிரயப் பத்திரம். பீரோவின் கீழ்த்தட்டில், பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. நேற்று எடுத்துப் பார்த்தால் தாள் நமத்து, ஓரத்தை ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. கூட வைத்திருந்த ஜெராக்ஸின் எழுத்து கவரிலேயே ஒட்டிக்கொண்டது. அம்மா அந்துருண்டையும் போட்டுத்தான் வைத்திருந்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் லேமினேட் செய்யச் சொல்கிறார். வங்கிக் கடனுக்கு இது வேண்டும், பயமாக இருக்கிறது.

பதில் 1
லேமினேட் மட்டும் வேண்டாம் சார். சூட்டில் பசை தாளோடு உருகி ஒட்டிவிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. முத்திரைத்தாளைத் தடவியும் வெளிச்சத்தில் பிடித்தும் பார்க்கிறவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டுப் போகும்.

கவரை உரிக்காதீர்கள். மூன்று பக்கமும் கத்தரித்துத் திறந்து, பத்திரத்தை மெதுவாக வெளியே எடுங்கள். வெள்ளைத்தாள்களுக்கு நடுவில் வைத்து, நிழலில், மின்விசிறிக் காற்றில் உலரவிடுங்கள். வெயில், இஸ்திரிப் பெட்டி இரண்டும் ஆகாது. செய்தித்தாளும் வேண்டாம், மை ஏறும். ஜெராக்ஸ் போனால் போகட்டும். மலிவான பிவிசி கவர் அந்த மையை இழுத்துக்கொள்ளும்.

கேட்டவர்
நன்றி சார். ஸ்கேன் செய்து, ஆவணங்களைச் சேமிக்கும் அரசின் டிஜிலாக்கர் செயலியில் ஏற்றிவிட்டால் போதாதா?

பதில் 2
நாமே ஏற்றுவது வெறும் படம்தான். ஓட்டுநர் உரிமம் போல, வழங்கிய துறையிடமிருந்தே அதில் வந்து சேரும் ஆவணங்களுக்குத்தான் மூலத்துக்குச் சமமான மதிப்பு. பத்திரத்துக்கு, பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்டு இப்போதே விண்ணப்பியுங்கள். பதிவுத்துறை இணையதளத்திலும் வசதி உண்டு. பத்திர எண், ஆண்டு, அலுவலகத்தின் பெயர் மூன்றையும் தனியாக ஒரு தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள். மூலம் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார், நாளிதழ் விளம்பரம், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று என்று அலைய வேண்டியிருக்கும். அப்போதும் அந்த எண்தான் முதலில் கேட்பார்கள்.

பதில் 3
நான் சென்னையை ஒட்டிய முடிச்சூர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பீரோவின் கீழ்த்தட்டு முழுகிப்போனது. தண்ணீர் முதலில் போவது அங்கேதான், தயவுசெய்து அதில் எதையும் வைக்காதீர்கள். நாங்கள் இப்போது பத்திரங்களைக் காகித உறையில் போட்டு, இறுக மூடும் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு மேல்தட்டில் வைக்கிறோம். மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்றுவோம். உங்கள் பீரோ மழை அடிக்கிற சுவரை ஒட்டி நிற்கிறதா? அரையடியாவது நகர்த்துங்கள். ஈரம் இருக்கிறவரை ராமபாணம் வந்துகொண்டே இருக்கும், அந்துருண்டை ஈரத்தை எடுக்காது.

கேட்டவர்
ஆமாம், மேற்குச் சுவரை ஒட்டித்தான் நின்றது, பின்பக்கமெல்லாம் பூஞ்சை. இன்று நகர்த்திவிட்டோம். இரண்டு நாளில் பத்திரம் உலர்ந்துவிட்டது. ஓரம் போனது போனதுதான், ஆனால் பத்திர எண்ணும் சார்பதிவாளர் முத்திரையும் தெளிவாகத் தெரிகின்றன. சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துவிட்டேன். அம்மாவின் ஓய்வூதியப் புத்தகமும் அதே தட்டில்தான் இருந்தது, அதையும் பிரித்து உலர வைத்திருக்கிறேன்.