நாட் கிங் கோல் நிகழ்ச்சி ஏன் ஒரே வருடத்தில் நின்றது?

கேள்வி: நாட் கிங் கோல் குரல் என்றால் எனக்கு உயிர். 1956 நவம்பரில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் அவர் தொடங்கிய பாட்டு நிகழ்ச்சியின் சில பகுதிகளை நேற்று யூடியூபில் பார்த்தேன், பக்கத்தில் உட்கார்ந்து நமக்காகவே பாடுகிற மாதிரி அவ்வளவு இயல்பு. 1957 டிசம்பரோடு ஏன் நின்றுவிட்டது?

பதில் 1: விளம்பரம் கிடைக்கவில்லை, அதுதான். கறுப்பினப் பாடகரோடு தங்கள் பொருளைச் சேர்த்துக் காட்டினால் தென் மாநிலங்களில் விற்பனை படுத்துவிடும் என்று பெரிய கம்பெனிகள் பயந்தன, நாடு முழுவதற்குமான விளம்பரதாரர் யாரும் நிலையாகக் கிடைக்கவில்லை. நினைத்தாலே கோபம் வருகிறது.

பதில் 2: சரிதான், ஆனால் என்.பி.சி. உடனே கைவிடவில்லை நண்பரே. 15 நிமிட நிகழ்ச்சியை 1957 கோடையில் அரை மணி நேரமாக்கி, நஷ்டத்திலேயே நடத்தினார்கள். எலா ஃபிட்ஜெரால்ட், ஹாரி பெலஃபான்டே, பெக்கி லீ மாதிரி பிரபல பாடகர்கள் வந்து பாடினார்கள். வந்தவர்களில் பலர் கலைஞர்கள் சங்கம் வைத்த குறைந்தபட்சச் சம்பளம் மட்டும் வாங்கிக்கொண்டார்கள், எவ்வளவு பெரிய மனசு!

பதில் 3: நிறுத்தியது கோலேதான். வசதியில்லாத வேறு நேரத்துக்கு மாற்றுவதாக என்.பி.சி. சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டார். விளம்பர உலகமான மேடிசன் அவென்யூவுக்கு இருட்டைக் கண்டால் பயம் என்று அவர் சொன்னது இன்றும் சுடுகிறது.