புதுப்பிப்பு: என்எஸ்1 நெகட்டிவ், ஆனாலும் டெங்குதான்

காய்ச்சலின் ஆறாம் நாள் தங்கச்சிக்கு டெங்குவுக்கான என்எஸ்1 ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் வந்தது, அப்போ டெங்கு இல்லையா என்று செவ்வாய்க்கிழமை கேட்டிருந்தேன். டெங்குவை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஐஜிஎம் எதிர்ப்பொருளைத் தேடும் எலிசா பரிசோதனை பாசிட்டிவ் வந்துவிட்டது.

என்எஸ்1 என்பது வைரஸின் புரதம். முதல் ஐந்து நாளில்தான் நன்றாகத் தெரியும். முன்பே டெங்கு வந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம் மறையலாம். ஐஜிஎம் நான்கைந்து நாளுக்குப் பிறகுதான் எழும். எத்தனையாவது நாள் ரத்தம் எடுத்தார்கள் என்று பார்க்காமல் ரிப்போர்ட்டை நம்பாதீர்கள்.

காய்ச்சல் விட்டதும் நிம்மதியானோம். அதுதான் ஆபத்தான நேரமாம். பிளேட்லெட் 62,000 என்று நான் பதற, டாக்டர் பேனாவால் வட்டமிட்டது ஹெமட்டோக்ரிட்டை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதத்தை: 38 இருந்தது 46. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகிறது என்றார். டிரிப்ஸ் ஏறுகிறது, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கிறார்கள். இன்று காலை ஹெமட்டோக்ரிட் 41க்கு இறங்கியது. கஞ்சி கேட்டுக் குடித்தாள்.