பெண்கள் ஜமாஅத் பற்றிய ஆவணப்படமும் மனைவியின் மணவிலக்கு உரிமையும்

கேள்வி:
தீபா தன்ராஜ் இயக்கி 2011-இல் வெளிவந்த 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' ஆவணப்படத்தை எங்கள் வாசிப்பு வட்டத்தில் திரையிட இருக்கிறோம். ஆண்கள் மட்டுமே அமர்ந்து முடிவெடுக்கும் ஜமாஅத்துகளில் (முஸ்லிம்களின் உள்ளூர்ச் சமுதாய அவைகளில்) தங்கள் தரப்பை நேரில் சொல்ல இடம் கிடைக்காத பெண்களுக்காகத் தமிழ்நாட்டில் உருவான பெண்கள் ஜமாஅத்தைப் பற்றிய படம் அது. அதன்பின் முத்தலாக் தடை செய்யப்பட்டுவிட்டதால், படம் பேசும் சிக்கல் தீர்ந்துவிட்டதாகக் கொள்ளலாமா? கணவர் தலாக்கும் சொல்லாமல், சேர்ந்தும் வாழாமல் இழுத்தடித்தால் மனைவிக்கு என்ன வழி?

மறுமொழி 1:
தீரவில்லை. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. இவை கணவரின் கையைத்தான் கட்டுகின்றன. விலக விரும்பும் மனைவிக்குப் புதிய வழி எதையும் திறக்கவில்லை. அவருக்கான சட்டம் 1939-லேயே வந்துவிட்டது. கணவர் இரண்டாண்டுகள் பராமரிக்கத் தவறினாலோ, நான்காண்டுகள் இருக்குமிடம் தெரியாமல் போனாலோ, கொடுமைப்படுத்தினாலோ அவர் நீதிமன்றத்தில் மணவிலக்குக் கோரலாம். இப்படியொரு சட்டம் இருப்பதையே அறியாமல் பிறந்த வீட்டில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பெண்களை நினைத்தால் மனம் ஆறவில்லை.

மறுமொழி 2:
குலாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மஹரை, அதாவது திருமணத்துக்காகக் கணவர் மனைவிக்குத் தரும் மணக்கொடையை, திருப்பிக் கொடுத்தோ விட்டுக்கொடுத்தோ மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு அது. கணவர் இசையாதபோதுதான் சிக்கல் தொடங்குகிறது. நீதிமன்றத்துக்கு வெளியே பெறும் குலாவைக் கேரள உயர் நீதிமன்றம் 2021-இல் ஏற்றுக்கொண்டது. சென்னை உயர் நீதிமன்றமோ 2023-இல், இஸ்லாமியச் சமயச் சட்டப்படி தீர்வு சொல்லும் தனியார் அமைப்பான ஷரீஅத் கவுன்சில் ஒன்று அளித்த குலாச் சான்றிதழை ரத்து செய்து, குடும்ப நல நீதிமன்றத்தை அணுகுமாறு கூறியது. எனவே தமிழ்நாட்டில் ஜமாஅத் கடிதத்தை மட்டும் நம்பி மறுமணத்துக்கு ஏற்பாடு செய்வது ஆபத்தானது. அதற்காக ஜமாஅத்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மஹரையும் நகையையும் பேசி மீட்டுத் தருவதற்கு உள்ளூர் மக்களின் சொல்லுக்கு இன்றும் வலு இருக்கிறது. அந்தப் பேச்சில் பெண்ணும் அமர வேண்டும் என்பதே படத்தின் கோரிக்கை, அது இன்றும் நியாயமானது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஜீவனாம்சம் பற்றியும் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

மறுமொழி 1:
மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவின்கீழ் (2024 ஜூலை முதல் அதற்கு மாற்றாக வந்த புதிய சட்டத்தில் 144-ஆம் பிரிவு) ஜீவனாம்சம் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் உறுதிப்படுத்தியது. திரையிடலுக்குக் குடும்ப நல வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை அழையுங்கள். கூட்டத்தில் வாய் திறந்து கேட்கத் தயங்கும் பெண்கள் அவரிடம் தனியே பேசவும் நேரம் ஒதுக்குங்கள்.