கடற்கோட்டையில் ஓர் இரவு தங்கலாமா?

கேள்வி – வட்டுக்கோட்டையிலிருந்து:
கனடாவிலிருந்து வரும் என் பெறாமக்கள், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் கோட்டையில் ஓர் இரவு தங்க ஆசைப்படுகிறார்கள். அரசியல் கைதிகளை அடைத்து வைத்திருந்த அந்தக் கோட்டையைக் கடற்படை விடுதியாக நடத்துகிறது. பிள்ளைகளின் ஆசையைத் தட்டிவிட மனமில்லை. ஆனாலும் சிறையாக இருந்த இடத்தில் மெத்தை விரித்துப் படுப்பது முறைதானா என்ற எண்ணம் என்னை விடாமல் அரிக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 – காரைநகரிலிருந்து:
தம்பி, அது போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை. 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது, சுற்றிலும் கடல் இருந்தும் குடிக்கத் தண்ணீர் இல்லாமல்தான் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். பன்றித் தொடையின் குதிப்பகுதி என்று பொருள்படும் ‘ஹம்மன்ஹீல்’ என்ற பெயரும் ஒல்லாந்தர் இட்டதே. ஆனால் பிள்ளைகளுக்கு நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது 1971ஆம் ஆண்டின் கதை. அவ்வாண்டு மார்ச்சில் கைதான, ஜே.வி.பி. என்ற இடதுசாரி இயக்கத்தின் தலைவர் ரோகண விஜயவீர யாழ்ப்பாணச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். ஏப்ரல் 5ஆம் திகதி அவரை மீட்க நடந்த முயற்சி தோற்றது. அந்த இயக்கம் அரசுக்கு எதிராக நடத்திய கிளர்ச்சி அடங்கிய பின், பிடிபட்ட ஜே.வி.பி. இளைஞர்கள் இந்தக் கடற்கோட்டையிலும் அடைக்கப்பட்டார்கள். அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். இரவில் கரையில் நின்றால் கோட்டையின் வெளிச்சம் தண்ணீரில் நீண்டு கிடப்பது தெரியும். வீட்டில் அதைப் பற்றி யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். பாசை தெரியாத ஊரில், தாய் தகப்பன் நினைத்தவுடன் வந்து பார்க்க முடியாத தூரத்தில் கிடந்த அந்தச் சிங்களப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

பதில் 2 – நல்லூரிலிருந்து:
ஆங்கிலேயர் இந்திய விடுதலைப் போராளிகளை அடைத்து வைத்திருந்த, அந்தமானின் செல்லுலர் சிறைக்கு நான் போயிருக்கிறேன். அந்தக் கட்டடத்தின் ஏழு சிறகுகளில் மூன்றுதான் எஞ்சியுள்ளன. 1979இல் அதைத் தேசிய நினைவிடமாக்கினார்கள். அங்கே என்னை உலுக்கியது சிறையறைக் கதவின் தாழ்ப்பாள். உள்ளிருப்பவர் கம்பிகளுக்கிடையே எவ்வளவு கையை நீட்டினாலும் எட்டாதபடி, கதவிலிருந்து தள்ளிச் சுவரில் குடைந்த மாடத்துக்குள் அதை வைத்திருக்கிறார்கள். நானும் கையை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. சிறை என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது அந்தக் கணத்தில்தான். ஆகவே பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள் என்றே சொல்வேன். தங்குவதா இல்லையா என்பதை, அங்கே யார் இருந்தார்கள் என்று முழுவதும் கேட்ட பிறகு அவர்களே தீர்மானிக்கட்டும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இப்போதைக்கு அறை பதிவு செய்யப் போவதில்லை. முதலில் ஊர்காவற்றுறைக்குப் போகும் பாதையில் (ஆட்களை ஏற்றிச் செல்லும் மிதவையில்) ஏற்றி, கடலிலிருந்தே கோட்டையைக் காட்டப் போகிறேன். காரைநகர் ஐயா, அன்று உங்கள் வீட்டுக்கு வந்தால், அந்த வெளிச்சத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்வீர்களா?

காரைநகரிலிருந்து:
கட்டாயம் வாருங்கள், தம்பி. வெயில் ஏறுமுன் பாதையில் போய்விட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.