நகரும் வண்டிகள் மட்டும் தூரம் மாறித் தெரிகிறதா? புல்ஃப்ரிச் விளைவு – உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

எனக்குப் போன வருடம் இடது கண்ணில் பார்வை நரம்பு அழற்சி வந்தது. கண்ணை அசைத்தாலே வலி. சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிந்தது. சிகிச்சைக்குப் பிறகு போர்டில் எல்லா வரியும் படித்துவிட்டேன், 6/6 என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் ரோட்டில் இறங்கினால் பயம். நிற்கிற பொருள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, நகர்கிறவைதான் இடம் மாறுகின்றன. ஓரமாக நின்றால், என் பக்கத்தில் வலமிருந்து இடமாகப் போகும் வண்டிகள் மேலே உரசிவிடும்போல வருகின்றன. அந்தப் பக்கம் இடமிருந்து வலமாகப் போகிறவை இன்னும் தள்ளிப் போவதுபோலத் தெரிகின்றன. இந்த இரண்டாவதுதான் ஆபத்து, இடம் இருக்கிறது என்று நம்பிக் காலை எடுத்து வைக்கத் தோன்றும்.

முதலில் பார்த்த டாக்டர் மனப்பதற்றம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்புறம் ஒரு நரம்பியல் மருத்துவர்தான் வி.இ.பி. பரிசோதனை எடுக்கச் சொன்னார். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மாறி மாறி வரும் திரையை ஒவ்வொரு கண்ணாலும் பார்க்கவைத்து, மூளையில் அதன் பதில் எப்போது எழுகிறது என்று அளக்கிறார்கள். சுமார் 100 மில்லிசெகண்டில் வரவேண்டியது என் இடது கண்ணுக்குப் பிந்தி வந்தது. செய்தி வேகமாகப் போக நரம்பைச் சுற்றியிருக்கும் மையலின் என்ற உறை சேதமானதால் அந்தத் தாமதம். ஒரு கண் சற்று முந்தைய இடத்தைக் காட்ட, மற்றது இப்போதைய இடத்தைக் காட்ட, மூளை அந்த வித்தியாசத்தைத் தூரமாக எடுத்துக்கொள்கிறது. இதற்குத்தான் புல்ஃப்ரிச் விளைவு என்று பெயர். போர்டில் இருக்கும் எழுத்து நகராது, அதனால் அங்கே இது பிடிபடாது.

நண்பரே, நான் இயற்பியல் ஆசிரியர். இதை நோய் இல்லாதவர்களும் பார்க்கலாம், வகுப்பில் ஒவ்வொரு வருடமும் செய்துகாட்டுகிறேன். நூலில் ஒரு குண்டைக் கட்டி, மாணவர்களுக்கு முன்னால் இடம் வலமாக மட்டும் ஆடவிட வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருக்க, கறுப்புக் கண்ணாடியின் ஒரு பக்கத்தை மட்டும் ஒரு கண்ணுக்கு முன் பிடித்தால், குண்டு நீள்வட்டத்தில் சுற்றும்! வெளிச்சம் குறைந்த கண் மெதுவாக வேலை செய்வதுதான் காரணம். வலது கண்ணை மறைத்தால், மேலிருந்து பார்க்கும் கணக்கில் இடஞ்சுழி. இடது கண் என்றால் வலஞ்சுழி. தாமதம் 10 மில்லிசெகண்ட், குண்டின் வேகம் விநாடிக்கு 1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணுக்கும் 1 செ.மீ. வித்தியாசம். இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு, குண்டு கால் மீட்டருக்கு மேல் முன்னால் வந்ததாகத் தெரியும். உங்கள் பயம் எவ்வளவு நியாயமானது பாருங்கள்.

ஜெர்மனியின் யேனா நகரத்தில், லென்ஸ் கருவிகள் செய்யும் கார்ல் சைஸ் நிறுவனத்தில் இருந்த கார்ல் புல்ஃப்ரிச் 1922இல் இதைப் பற்றி எழுதினார். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. தான் விவரித்த விளைவைத் தானே காண முடியாதவர்! விளக்கம் சொன்னது அவருடைய சக ஊழியர் ஃபெர்ட்ஷ். இரண்டு கண்ணால் தூரம் அளக்கும் கருவிகளுக்காகவே உழைத்த மனிதருக்கு இப்படி என்பது எனக்கு இன்றும் மனதை உறுத்தும்.

அண்ணா, எங்கள் அம்மாவுக்கும் இதுவேதான் என்று இப்போது புரிகிறது. ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து, மற்ற கண் மங்கலாகவே இருந்த சமயம். பேத்தி ஊஞ்சல் ஆடுவதைப் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால், குழந்தை தன்னை நோக்கி வளைந்து வருகிறாள் என்று கையை நீட்டித் தடுக்கப் போவார். வயதாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். அடுத்த கண்ணும் ஆபரேஷன் ஆனபின் அது நின்றுவிட்டது. அண்ணா, உங்களுக்கு இப்போது எப்படி இருக்கிறது?

பரவாயில்லைம்மா. நல்ல கண்ணுக்கு, அதாவது வலது பக்கத்துக்கு மட்டும், நிறம் ஏற்றிய லென்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணையும் கொஞ்சம் தாமதமாக்கிச் சமப்படுத்துவதுதான் யோசனை. எவ்வளவு கறுப்பு வேண்டும் என்பதைக் கடையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்தோம். பகலில் ரோடு கடக்கிறேன். இருட்டில் அந்த லென்ஸ் பார்வையை ரொம்பக் குறைத்துவிடுகிறது, அதனால் இரவில் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டேன்.