நார்வே போனவர்கள் வாங்க: போன இடத்தில் என்ன நேர்ந்தது?

வழிப்போக்கன்:
ஷெங்கன் விசா, 90 நாள் கணக்கு, யூரோ இல்லை குரோனர்தான் என்பதெல்லாம் எல்லோரும் படித்துவிட்டுத்தான் போகிறோம். அதை விடுங்கள். எனக்கு இன்னும் மனதில் நிற்பது பெர்கனில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். வழக்கம்போல மழை. சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி, பால், இரண்டு கேன் பீர் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தபோது மணி ஆறு தாண்டி ஒரு நிமிடம் ஆகியிருந்தது. கல்லாவில் இருந்த பெண் பீரை மட்டும் எடுத்துத் தன் காலடியில் வைத்துவிட்டு, மற்றதுக்கு பில் போட்டாள். "ஆறுக்கு முன்னாடியே வரிசைக்கு வந்துவிட்டோமே" என்றார் நண்பர். அழகாகச் சிரித்தாள். ஆனால் பீர் காலடியிலேயே இருந்தது. திரும்பிப் பார்த்தால் பீர் அலமாரிக்கு மேலிருந்து ஒரு திரையை இழுத்து மூடிவிட்டிருந்தார்கள். மற்ற நாட்களில் எட்டு மணி வரை, சனிக்கிழமை ஆறு, ஞாயிற்றுக்கிழமை சுத்தமாகக் கிடையாது. ஆல்கஹால் 4.7 சதவீதத்தைத் தாண்டினால் வின்மொனோபோலே என்கிற அரசாங்கக் கடைக்குத்தான் போக வேண்டும். ஒரு நிமிடத்துக்கு இப்படியா என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

மலைக்குருவி:
இரண்டு கேன் பீருக்கு இவ்வளவு புலம்பலா! நான் பார்த்ததைச் சொல்கிறேன். யோத்துன்ஹெய்மன் மலையில் ஆளில்லாத ஒரு குடிலில் தங்கினோம். 1868-இல் தொடங்கிய மலையேற்றச் சங்கம் ஒன்று இருக்கிறது, நாடு முழுக்க அவர்கள் குடில்கள்தான். உறுப்பினர் என்றால் சாவி தருவார்கள். உள்ளே படுக்கை, அடுப்பு, விறகு, அலமாரி நிறைய டின் சாப்பாடு எல்லாம் உண்டு. எடுத்ததைப் படிவத்தில் எழுதிப் பணம் கட்டிவிட்டுப் போக வேண்டியது. பார்ப்பதற்கு ஒரு ஈ காக்காய் கிடையாது.

எங்களோடு ஒரு அப்பாவும் பத்து வயது மதிக்கத்தக்க மகளும் இருந்தார்கள். காலையில் தரையைப் பெருக்கி, அடுத்து வருபவர்களுக்கு விறகு பிளந்து வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். கொஞ்ச தூரம் போன பிறகு மகள் மட்டும் ஓடி வந்தாள். மூச்சு வாங்க, படிவத்தில் கொக்கோ என்ற இடத்தில் 3 என்பதை அடித்து 4 என்று எழுதினாள். எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எழுதினாள், ஓடினாள், அவ்வளவுதான்.

சக்கரம்:
வழிப்போக்கன் தம்பி, கல்லாவில் நின்றதோடு தப்பித்தீர்கள். அந்த ஊர்க் கண்டிப்பை ரோட்டில் பார்க்க வேண்டும். லில்லஹாமர் பக்கம் காலை ஒன்பது மணிக்குப் போலீஸ்காரர்கள் எல்லா வண்டியையும் ஓரங்கட்டி ஊதச் சொன்னார்கள். எனக்கு முன்னால் ஒரு இளைஞர். முந்தின நாள் ராத்திரிக் குடி போலிருக்கிறது. சாவியை வாங்கிக்கொண்டார்கள். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் சாலையோரத் தடுப்பில் உட்கார்ந்து, கையிலிருந்த காபியை முடித்தார். அங்கே வரம்பு 0.2 ப்ரோமில், அதாவது 100 மில்லி ரத்தத்தில் 20 மில்லிகிராம்.

வண்டி எடுக்கப்போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டப்பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும். வேகம் ஊருக்குள் 50 கிலோமீட்டர், வெளியே 80. தனிப் பலகை இல்லாத இடத்தில் இதுதான் கணக்கு. கூகுள் மேப் காட்டும் நேரத்தை நம்பிப் படகைத் தவற விடாதீர்கள். ஃபியோர்டு, அதாவது மலைகளுக்கு நடுவே உள்ளே புகுந்த கடல், குறுக்கே வந்தால் பல இடங்களில் வண்டியோடு படகில் ஏறித்தான் ஆக வேண்டும். டோலுக்கு யாரும் கை நீட்ட மாட்டார்கள், கேமரா நம்பரைப் பிடிக்கும், வாடகை வண்டி என்றால் பில் பிற்பாடு வரும். த்ரோல்ஸ்டிகன் மாதிரி மலைச் சாலைகள் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும், திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரூம் போடுங்கள். லார்டால் சுரங்கச்சாலை 24.5 கிலோமீட்டர், 2000-இல் திறந்தது. ஓட்டுபவருக்குச் சலிப்புத் தட்டாமல் இருக்க நடுவில் மூன்று இடத்தில் அகலமாகக் குடைந்து நீல விளக்குப் போட்டிருக்கிறார்கள். அங்கே நிறுத்தி செல்ஃபி எடுக்காதீர்கள். அந்தி நேரத்தில் காட்டுமான் குறுக்கே வரும். எல்க் என்பார்கள், குதிரை உயரம்.

தாமரைக்குளம்:
யாரும் வடக்கே போகவில்லையா? த்ரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை சூரியன் எழாது. கும்மிருட்டு என்று பயமுறுத்தினார்கள். அப்படி இல்லை. நடுப்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் வானம் நீலமும் ரோஜா நிறமுமாகத் தெளியும். எனக்கு வானத்தில் ஆடும் வண்ண ஒளியான அரோராவைவிட நினைவில் நிற்பது பால்வாடிக் குழந்தைகள்தான். காலை பத்து மணிக்குத் தெருவிளக்கு வெளிச்சத்தில், மின்னும் மஞ்சள் சட்டை போட்டு, ஒரே கயிற்றைப் பிடித்தபடி பனியில் போகிறார்கள். ஒன்று விழுந்தது. டீச்சர் தூக்கவில்லை, காத்திருந்தார். அதுவே எழுந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டது. எனக்குத்தான் கை பரபரத்தது.

மலைக்குருவி:
டீச்சர் தூக்கியிருக்க வேண்டும். இதையெல்லாம் பெருமையாகச் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை.

தாமரைக்குளம்:
பெருமை என்று எங்கே சொன்னேன்? பார்த்ததைச் சொன்னேன்.

ஒஸ்லோ அக்கா:
நான் இங்கேயே இருக்கிறேன், பிள்ளைகள் இருவரும் அந்தக் கயிற்றைப் பிடித்து வளர்ந்தவர்கள்தான். சண்டையை விடுங்கோ, இதைக் கேளுங்கோ. டொராண்டோவிலிருந்து வந்த சித்தப்பா மகன் சொல்லாமல் கொள்ளாமல் மே 17 காலையில் வந்து இறங்கினார். 1814-இல் அரசியலமைப்பு கையெழுத்தான நாள். கடைகள் பூட்டு, நகர நடுவில் வீதிகள் மறிப்பு. கார்ல் யோஹான் வீதி முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஊர்வலம், பெண்கள் எல்லோரும் புனாட் என்கிற பாரம்பரிய உடுப்பில். அவர் இரண்டு பெரிய பெட்டியோடு நடுவில் அகப்பட்டுக்கொண்டு, எனக்குப் போன் எடுத்து, "அக்கா, ஆமி எங்க?" என்று கேட்டார். தேசிய நாள் என்றால் டாங்கி வரும் என்று நினைத்திருக்கிறார். ஆமி இல்லை தம்பி, எல்லாம் சின்னப் பிள்ளைகள், அரண்மனை மேல்மாடத்தில் அரச குடும்பம் நின்று மணிக்கணக்காகக் கையசைக்கும் என்றேன். அதற்குள் ஒரு பாண்ட் பொடியன் அவருடைய பெட்டியில் ஏறி இருந்துகொண்டு சப்பாத்துக் கயிறு கட்டுகிறானாம். போனிலேயே சிரிக்கிறார். அந்த நாளில் வருவதென்றால் சாப்பாட்டுக் கடையில் முன்கூட்டியே இடம் பிடியுங்கோ.

வழிப்போக்கன்:
சக்கரம் அண்ணே, நாங்கள் வண்டியே எடுக்கவில்லை. ஒஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு ரயில்தான், 1222 மீட்டர் உயரத்தில் ஃபின்சே ஸ்டேஷனில் ஜூன் மாதத்திலும் பனி கிடந்தது. அக்கா, ஒரு கேள்வி: ஒஸ்லோ மெட்ரோவில் டிக்கெட் பார்த்துத் திறக்கும் கேட் எதுவும் இல்லை, டிக்கெட் எடுக்காமல் ஏறினால் யாருக்குத் தெரியும்?

ஒஸ்லோ அக்கா:
பரிசோதகர் ஏறினால் தெரியும். அபராதம் டிக்கெட்டைப் போல பல மடங்கு. போனில் ரூட்டர் (Ruter) என்கிற ஒஸ்லோ போக்குவரத்துச் செயலியைப் போட்டு, ஏறுவதற்கு முன்னமே வாங்குங்கோ.