அழகியமண்டபம் ஐந்து கிலோமீட்டருக்கு உள்ளேயா, வெளியேயா?

தக்கலை பல்டாக்டர்: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "வேலையை விட்டபின் இரண்டு வருஷம் ஐந்து கிலோமீட்டர் சுற்றளவில் கிளினிக் போடக் கூடாது என்று எழுதி வாங்குவது வெறும் காகிதம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. அப்படியொரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நாலு வருஷம் வேலை பார்த்த தம்பி இப்போது அழகியமண்டபத்தில் போர்டு மாட்டியிருக்கிறார். என் வாசலிலிருந்து 4.7 கிலோமீட்டர். முதல் வேர் சிகிச்சையில் அவர் கை நடுங்கியபோது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

வில்லுக்குறி: எழுதியது நான்தான் டாக்டர். 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டம், 27-ஆம் பிரிவைப் பாருங்கள். ஒருவரை முறையான தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. தொழிலை நற்பெயரோடு சேர்த்து விற்றவருக்கு மட்டும்தான் விலக்கு. அந்தத் தம்பி உங்களுக்கு எதை விற்றார்? அப்புறம், 4.7 எங்கிருந்து வந்தது? பஸ் போகும் ரோட்டில் 5.3.

தக்கலை பல்டாக்டர்: பத்திரத்தில் ரோடு என்று எங்கே இருக்கிறது? சுற்றளவு என்று இருக்கிறது. நேர்கோட்டில் 4.7.

குலசேகரம் வாத்தியார்: சுற்றளவு என்றால் வட்டத்தைச் சுற்றி வரும் நீளம். அது ஐந்து கிலோமீட்டர் என்றால் ஆரம் 800 மீட்டர்கூட வராது. அந்தத் தம்பி தக்கலைக்குள்ளேயே கடை போட்டிருக்கலாம்.

தக்கலை பல்டாக்டர்: கணக்குப் பாடம் யாரும் கேட்கவில்லை சார். ஊரில் சுற்றளவு என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். 4.7.

பத்மநாபபுரம் வக்கீல்: கிலோமீட்டரை விடுங்கள். வேலையில் இருக்கும் காலத்தில் வேறிடம் போகாதே என்று கட்டுப்படுத்தலாம், 1967-இல் கோலிகாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தக் காலம் முடிந்தபின் தடுக்க முடியாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில், 2006-இல், அதையே மறுபடி சொன்னது.

தக்கலை பல்டாக்டர்: பந்து போடுகிறவரையும் பல் பிடுங்குகிறவரையும் ஒன்றாகப் பேசுகிறீர்கள். பந்து போடுகிறவர் என் நோயாளிகளின் போன் நம்பரை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஒரு அம்மா கேப் வைக்க என்னிடம் அளவு கொடுத்துவிட்டு, அழகியமண்டபத்தில் போய் மாட்டியிருக்கிறார். இங்கே வந்தபோது அவரே சொன்னார்.

வக்கீல்: நம்பர் எடுத்தது வேறு விஷயம். சாட்சி இருந்தால் அதற்குத் தனியாகப் போங்கள். தொழிலே செய்யாதே என்று கேட்டால் கோர்ட் கொடுக்காது.

தக்கலை பல்டாக்டர்: அப்படியானால் 2025-இல் விஜயா வங்கி வழக்கு? மூன்று வருஷத்துக்குள் போனால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற பாண்டை உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டதே.

வில்லுக்குறி: அது இத்தனை வருஷம் இருந்துவிட்டுப் போ என்ற பாண்ட். போன பிறகு எங்கும் உட்காராதே என்று அதில் இல்லை. உங்கள் தம்பிதான் நாலு வருஷம் இருந்துவிட்டாரே.

கருங்கல் நர்ஸ்: டாக்டர்கள் கிலோமீட்டர் பேசுகிறீர்கள். நான் முன்பு இருந்த இடத்தில் ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஏழு மாதம் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். வெளிநாட்டு வேலை ஒன்று கை நழுவியது. அதைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை.

தக்கலை பல்டாக்டர்: நான் யாருடைய சர்டிபிகேட்டையும் வாங்கி வைத்ததில்லை.

கருங்கல் நர்ஸ்: உங்களைச் சொல்லவில்லை டாக்டர். ஆனால் உங்களுக்கு உடனே சுடுகிறது.

வில்லுக்குறி: சுடத்தானே செய்யும். இவரே தனியாக வந்தபோது பழைய முதலாளி கிளினிக்குக்கு எதிர் வரிசையில்தான் கடை போட்டார். தக்கலையில் பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள்.

தக்கலை பல்டாக்டர்: அன்று நான் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லை! சங்கத் தேர்தலில் தோற்ற கோபத்தை இங்கே வந்து கொட்டாதீர்கள். போட்ட கையெழுத்துக்கு மரியாதை வேண்டாமா? அந்தத் தம்பி கல்யாணத்தில் என்னைத்தான் மேடைக்குக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தால் செயர் வாங்கவே பணம் கொடுத்திருப்பேன்.

குலசேகரம் வாத்தியார்: அதெல்லாம் சரி, சுற்றளவு என்று எழுதியிருந்தால் 800 மீட்டர்தான்.

தக்கலை பல்டாக்டர்: 4.7. ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு போய் மீட்டரைப் படம் பிடித்துப் போடுகிறேன்.

வில்லுக்குறி: பைக் ரோட்டில்தானே போகும் டாக்டர்? 5.3 காட்டும்.

தக்கலை பல்டாக்டர்: உள்வழியாகப் போவேன்.